தாம்பரத்தில் வளைவு பழகினேன்

"திங்கக்கெழம சாயந்தரம் வாங்க மேடம், பன்னெண்டும் ரெடியா இருக்கும்" என்று கிழக்குத் தாம்பரத்துத் தையற்கடைக்காரர் சொன்னபோது வியாழக்கிழமை பகல் பதினொரு மணி. மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுத்து, ரவிக்கைகளையும் தைத்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்புவதுதான் நான் இந்தியா வந்த வேலை. புடவை இரண்டே நாளில் முடிந்துவிட்டது. ரவிக்கைக்கு நான்கு நாள். ஐம்பத்திரண்டு வயதில், கணவரும் மகளும் கூட இல்லாமல், வெளிநாட்டில், செய்வதற்கு ஒன்றுமே இல்லாத நான்கு நாட்கள் எனக்குக் கிடைத்துவிட்டன.

தங்கியிருந்தது சிட்லபாக்கத்தில், கணவருக்கு அக்கா முறையாகும் கிரேஸ் அக்கா வீட்டில். பள்ளித் தலைமையாசிரியை. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். பிள்ளைகள் பெங்களூரில், இவர் மட்டும் மூன்று மாடி வீட்டின் முதல் மாடியில். காலையில் பொங்கலும் வடையும் வைத்துவிட்டு "டிபன் சாப்பிடு ரோஸ்" என்பார். எங்கள் ஊரில் "பசியாறியாச்சா?" என்று கேட்போம். அதையே நான் தையற்கடையில் கேட்டுவைத்ததில், அந்த மனிதர் தன் முகத்தில் அவ்வளவு பசி தெரிகிறதா என்று கண்ணாடியைப் பார்த்தார்.

அன்று மாலை கிரேஸ் அக்கா, "இரு, மோட்டார் போட்டுட்டு வந்துடறேன்" என்று எழுந்தார். மலேசியாவில் எங்களுக்கு மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். எனக்கு ஆச்சரியம்.

"உங்ககிட்ட மோட்டார் இருக்கா அக்கா?"

"இல்லாம? ஒரு ஹெச்.பி."

"ஒரு ஹெச்.பி.யில மலை எல்லாம் ஏறுமா?"

"மலை எங்க ஏற? மூணாவது மாடி டாங்க் வரைக்கும் ஏறும்."

சுவரில் ஒரு சுவிட்சைத் தட்டினார். கீழே எங்கோ உறுமியது. குழாய்க்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டபின்தான் இருவருக்கும் விஷயம் புரிந்தது. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் தையற்கடையிலிருந்து போன் வந்தது. லைனிங் துணி போதவில்லையாம். பள்ளி விட்டு வந்ததும் கிரேஸ் அக்கா தன் ஸ்கூட்டரை எடுத்தார். ஐம்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டாராம். பின்னால் உட்கார்ந்தேன். முதல் திருப்பத்திலேயே அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்தேன். இரண்டாவது திருப்பத்தில் "ஐயோ" என்றேன். மூன்றாவதில் அவர் வண்டியை ஒரு மருந்துக் கடை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"என்ன ரோஸ் இது? கேமரன் மலைக்கே வண்டி ஓட்டிட்டுப் போறவள்னு தம்பி உன்னைப் பத்திப் பெருமையா சொல்லுவானே."

போவேன்தான். இருபது வருஷமாக, விடுமுறை கிடைத்தால் நானும் கணவரும் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவோம். நான் ஓட்டுவேன், அவர் பின்னால். அந்தச் சாலையில் நூற்றுக்கணக்கான வளைவுகள். போன வருஷம் அவற்றில் ஒன்றில் விழுந்தோம். அவருக்கு இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. எனக்கு இடது முழங்கை தேய்ந்துபோனது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் என் பின்னால் உட்காரவே இல்லை. சந்தைக்குக்கூட பஸ்ஸில் போகிறார். நானும் கேட்கவில்லை. வண்டி போர்ட்டிகோவில் துணி போர்த்திக் கிடக்கிறது.

"வளைவுல மணல் கிடந்துச்சு அக்கா. வழுக்கிருச்சு" என்றேன், எல்லோரிடமும் சொல்வதைப் போலவே.

"எனக்கு ஸ்கூட்டர் கத்துக்குடுத்த டிரைவிங் ஸ்கூல் பொண்ணு ஒருத்தி இருக்கா, செல்வின்னு. சனி, ஞாயிறுல வளைவு எப்படித் திருப்பறதுன்னு மட்டும் தனியா கிளாஸ் எடுக்கறா. சும்மாதானே இருக்கப் போற, போயேன்" என்றார்.

மலைப்பாதையே இல்லாத இந்த ஊரில் வளைவுக்கு வகுப்பா! அந்த ஆர்வம்தான் என்னைக் கிளப்பியது.

சனிக்கிழமை கிரேஸ் அக்காவுக்குப் பள்ளியில் கூட்டம். வண்டலூர் பக்கத்தில் நடக்கும் வகுப்புக்குத் தனியாகக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோக்காரர் "ஈஸ்ட்டா, வெஸ்ட்டா?" என்றார். தாம்பரத்தை ரயில் பாதை இரண்டாக வெட்டியிருக்கிறது என்பதும், தவறான பக்கத்தில் இறங்கினால் படியேறி, படியிறங்கி, பூக்கூடைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் தாண்டித்தான் மறுபக்கம் போக முடியும் என்பதும் எனக்குத் தெரியாது. "தாம்பரம்" என்று மட்டும் சொன்னேன். தவறான பக்கத்தில்தான் இறங்கினேன். பிறகு பஸ். நடத்துநரிடம் "வண்டலூர்" என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஜூ தானே, நான் சொல்றேன் உக்காருங்க" என்றார். சொன்ன இடத்தில் இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் நான் விலங்குக் காட்சிச்சாலை வாசலில், பள்ளிப் பிள்ளைகள் வரிசைக்கு நடுவில் நிற்கிறேன். ஓர் ஆசிரியை என்னையும் சேர்த்து எண்ணிக்கொண்டு போனார்.

போன் செய்ததும் ஐந்தே நிமிஷத்தில் செல்வி வந்து நின்றாள். இருபத்தொன்பது வயது, மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த கைகள். "மலேசியா அக்காவா? ஏறுங்க. சிங்கம் இன்னும் எழுந்திருக்கல, அப்பறமா பாத்துக்கலாம்" என்றாள்.

மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் லாரி நிறுத்துமிடம்தான் வகுப்பு. தரையில் சுண்ணாம்புப் பொடியால் வளைவுகள் வரைந்திருந்தாள். ஓரங்களில் பழைய டயர்கள். என்னோடு இன்னொரு மாணவர் விக்னேஷ். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, புதிதாக வாங்கிய பெரிய வண்டி, முட்டியிலும் முதுகிலும் கவசம். முதல் வளைவிலேயே பந்தயக்காரர்களைப் போல முட்டியை வெளியே நீட்டித் தரையைத் தொடப் பார்த்தார்.

"சார், முட்டிய உள்ள வைங்க. முப்பதுல போய்கினு இருக்கீங்க" என்றாள் செல்வி.

எனக்கு வேறு சிக்கல். எங்கள் ஊர் வண்டியில் இடது கைக்குக் கிளட்ச் கிடையாது. காலாலேயே கியரைத் தட்டிக்கொண்டு போகலாம். இங்கே செல்வி கொடுத்த பைக்கில் கிளட்ச் உண்டு; மூன்று முறை வண்டி குலுங்கி நின்றது. நான்காவது முறை நகர்ந்தது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு என் கையின் கீழே ஒரு வண்டி ஓடியது.

செல்வி கற்றுக்கொடுத்த விதம் எனக்குப் புதுசு. இருபது வருஷமாக நான் செய்துவந்ததற்கெல்லாம் அவளிடம் காரணம் இருந்தது. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். உள்ளே நுழைந்தபின் பிரேக்கைத் தொடக்கூடாது. ஆக்சிலரேட்டரை மெல்லத் திறந்து அப்படியே வைத்திருக்க வேண்டும். இரண்டு முட்டியாலும் பெட்ரோல் டாங்கை அணைக்க வேண்டும். அப்படி அணைத்தால் உடம்பின் பாரம் கைக்கு வராது. பாதத்தின் முன்பகுதி மட்டும் மிதியில். மேலுடம்பு வளைவின் உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, தாடை அந்தப் பக்கத்துக் கண்ணாடியை நோக்கிப் போக வேண்டும். நான் கையை விறைத்துப் பிடிக்கிறேனா என்று பார்க்க, ஓட்டிக்கொண்டே முழங்கைகளைக் கோழி இறக்கை அடிப்பதுபோல் அடித்துக் காட்டச் சொன்னாள். விக்னேஷ் கவசத்தோடு இறக்கை அடித்தது பார்க்க வேண்டிய காட்சி.

"வலது பக்கம் போணும்னா இன்னா செய்வீங்கக்கா?"

"வலது பக்கம் திருப்புவேன்."

"வலது கைப்பிடிய முன்னாடி தள்ளிப் பாருங்க."

தள்ளினேன். வண்டி தானாக வலது பக்கம் சாய்ந்து திரும்பியது. நம்ப முடியாமல் இன்னொரு சுற்று போய் மறுபடி தள்ளிப் பார்த்தேன். இத்தனை வருஷமும் கை இதைத்தான் செய்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது விரல் ஆட்டம். வளைவு முடியும் இடத்தில் செல்வி நின்றுகொண்டு கையை உயர்த்துவாள். நான் திரும்பிக்கொண்டே அவள் எத்தனை விரல் காட்டுகிறாள் என்று கத்த வேண்டும். "மூணு!" "ரெண்டு!" "அஞ்சு!" அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவரை வண்டி அவளிடமே போனது. ஒருமுறை ஓரத்து டயரில் மோதிவிடுவேனோ என்று அதைப் பார்த்தேன். உடனே பிரேக்கையும் பிடித்தேன். சாய்ந்திருந்த வண்டி விறைத்து நிமிர்ந்து, நேராக அந்த டயரிலேயே போய் இடித்து நின்றது.

வேகம் குறைவு. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நிமிர்தலை, அந்த நேர்கோட்டை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"எங்க பாக்கறீங்களோ வண்டி அங்கதான் போவும்க்கா. இன்னொரு வாட்டி வாங்க" என்று மட்டும் சொன்னாள். நான் இன்னொரு முறை போனேன்.

திரும்பும் வழியில் இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று கேட்டேன். அவளுக்குக் கோவளம் பக்கத்தில் ஒரு குப்பம். அம்மா மீன் விற்பவர். பதினெட்டு வயதிலிருந்து செல்விதான் மீன் பெட்டியை வண்டியில் கட்டித் தாம்பரம் சந்தைக்குக் கொண்டுவருவாளாம். "ஐஸ் உருகி உள்ள தண்ணி ஆடும்க்கா. நான் ஒரு பக்கம் சாஞ்சா அது இன்னொரு பக்கம் போவும். ரெண்டு வாட்டி வங்கடை மீனோட சேந்து ரோட்டுல கெடந்தேன். அப்பறந்தான் பின்னாடி இருக்கற பாரம் இன்னா பண்ணுதுன்னு யோசிக்க ஆரம்பிச்சேன்" என்றாள்.

ஞாயிறு கிரேஸ் அக்கா முதல் ஆராதனைக்குப் போகும் வழியில் என்னைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டார். இந்த முறை சரியான பக்கம்.

அன்றைய பாடத்துக்காகச் செல்வி வளைவின் நடுவில் இரண்டு சட்டி மணலைப் பரப்பியிருந்தாள். மணலைக் கண்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியை நிமிர்த்திக் கடக்க வேண்டும், சாய்ந்தபடி போகக்கூடாது என்றாள். விக்னேஷ் சாய்ந்தபடி போனார். அது வலது வளைவு. முன்சக்கரம் விலுக்கென்று நழுவ, அவர் வலது பக்கமாகப் பொத்தென்று விழுந்து, வண்டியோடு கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போனார். எழுந்து, "கவசம் வேலை செய்யுது செல்வி" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டே நான் செல்வி கொடுத்திருந்த முழங்கைக் கவசத்தைக் கழற்றினேன். வெயில் ஏறிவிட்டது. செல்வி என் கையைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் மணல்லதான வுழுந்துச்சு? கிரேஸ் மேடம் சொன்னாங்க."

"ஆமா."

"எந்தப் பக்கத்து வளைவு?"

"வலது."

அவள் தரையில் வலது பக்கமாக நீண்டிருந்த விக்னேஷின் சறுக்கல் கோட்டைப் பார்த்தாள். பிறகு என் இடது முழங்கைத் தழும்பைப் பார்த்தாள். குற்றம் கண்டுபிடிக்கும் பார்வை அல்ல அது. கணக்கு ஒன்று ஒத்துவராத வாத்தியார் பார்வை.

"வலது வளைவுல மணல் வழுக்குனா வலது பக்கந்தான் தேயும்க்கா. உங்களுக்கு இடது பக்கம் கீதே?"

விக்னேஷ் தூரத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு டயர்மீது உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு மாதமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. மருத்துவர் கேட்கவில்லை. கணவர் கேட்கவில்லை.

"மணல் இல்ல" என்றேன். "மேல இருந்து காய்கறி லாரி ஒண்ணு கோட்டைத் தாண்டி வந்துச்சு. வழி இருந்துச்சு. நான்தான் இடது பக்கத்துச் சாக்கடையைப் பார்த்துட்டேன். அதுல விழுந்துருவோமேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். பிரேக்கைப் பிடிச்சேன். நேரா அதுக்குள்ளயே கொண்டுபோய் விட்டேன். என் வீட்டுக்காரர் தோளைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்க முடியாம கிடந்தாரு. என்னாச்சுன்னு கேட்டாரு. வாய்ல மணல்னு வந்துருச்சு."

செல்வி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அவரு அப்ப எப்படி உக்காந்துகினு இருந்தாரு?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. "அசையாம அரிசி மூட்டை மாதிரி உட்காருங்கன்னு சொல்லுவேன்" என்றேன்.

"ஒரு நாள் நீங்க பின்னாடி உக்காந்து பாருங்க, தெரியும்" என்றவள் அன்று மதியமே அதைச் செய்யவைத்துவிட்டாள். செல்வியின் அம்மா கொடுத்தனுப்பிய சங்கரா மீன் குழம்பை வேப்ப மரத்தடியில் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டோம். புளியும் மிளகாயும் எங்கள் ஊர் மீன் கறியை விடத் தூக்கலாக இருந்தன. தேங்காய்ப்பால் இல்லாத குறை தெரியவே இல்லை. பிறகு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெரிய சாலையை விட்டு, ஏரிக்கரை ஓரமாக மாடம்பாக்கம் நோக்கிப் போகும் ஓர் உட்சாலையில் வண்டியை விட்டாள்.

அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனாலும் முன்னால் அவள் முதுகு மட்டுமே தெரிந்தது. வளைவு எப்போது வரும், வண்டி எந்தப் பக்கம் சாயும், எதிரில் என்ன வருகிறது, எதுவும் தெரியாது. வண்டி சாயும்போதெல்லாம் என் உடம்பு என்னைக் கேட்காமலே எதிர்ப்பக்கம் இழுத்தது. ஒரு வளைவில் எதிரே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வளைவு முடிந்திருந்தது. இருபது வருஷம் ஒரு மனிதரை இப்படி உட்காரவைத்து மலை ஏற்றியிருக்கிறேன் என்று தோன்றியது.

அன்று மாலை சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடந்தேன். ஓய்வுபெற்ற மனிதர்கள் கைகளை வீசி வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். "பெட்ரோல் வண்டியே இனி வேணாம்னு பையன் சொல்றான் சார்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டே போனார். மலேசியாவில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கணவரை அழைத்தேன். ரவிக்கையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். வகுப்பைப் பற்றிச் சொன்னேன். கோழி இறக்கைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"என்னங்க, அன்னிக்கு வளைவுல மணல் எதுவும் கிடக்கல. நான்தான் பயந்து பிரேக் பிடிச்சேன். சாக்கடையைப் பார்த்துக்கிட்டே போய் விட்டுட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அவர் அணைப்பது கேட்டது.

"மணல் இல்லையா?" என்றார்.

"இல்ல."

"ரோஸ், நான் ஒண்ணு சொல்லவா? லாரி சத்தம் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கிட்டேன். உன் தோளைப் புடிச்சு இடது பக்கமா இழுத்தேன் லா. முழு பலத்தோட இழுத்தேன். அதுக்கப்புறம்தான் விழுந்தோம். நான்தான் உன்னை விழ வச்சேன்னு நினைச்சுக்கிட்டே எழுந்திரிக்கப் பார்த்தேன். நீ மணல்னு சொன்னே. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அதனாலதான் என் பின்னால உட்காரலையா?"

"பின்ன? மறுபடி இழுத்துட்டேன்னா?"

நான் மறுபடி அவரைக் கீழே தள்ளிவிடுவேன் என்ற பயத்தில் அவர் ஏறவில்லை என்று நினைத்திருந்தேன். அவரோ, தான் என்னைத் தள்ளிவிடுவோமோ என்று ஏறாமல் இருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு. நடைப் பயிற்சிக்காரர்கள் மூன்று சுற்று முடிக்கும் வரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அழுதேனா என்று கேட்டால், கொஞ்சம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வேலைக்குப் போகும் முன் செல்வி கிரேஸ் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தாள். பின்னால் உட்காருபவர் எப்படி உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தரும்படி கேட்டிருந்தேன். நான் எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு தயாராக நின்றேன்.

"எழுதி இன்னா பண்ணப் போறீங்க? அண்ணனுக்கு வீடியோ கால் போடுங்க" என்றாள்.

ஈப்போவில் அப்போது ஒன்பதரை மணி. கணவர் பனியனோடு வந்தார். செல்வியைக் கண்டதும் உள்ளே ஓடிச் சட்டை மாட்டிக்கொண்டு திரும்பினார். கிரேஸ் அக்கா பள்ளிக்குத் தயாராகி, பட்டுக் கரைப் புடவையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு நாற்காலிய எடுத்து முன்பக்கமா திருப்பிப் போடுங்க. சாயற பக்கம் உங்க முன்னாடி இருக்கணும். அதான் அக்கா முதுகு. ரெண்டு காலையும் ரெண்டு பக்கம் போட்டு உக்காருங்க" என்றாள் செல்வி.

போனை எதன்மீதோ சாய்த்துவைத்துவிட்டு, ஐம்பத்தாறு வயது மனிதர் சாப்பாட்டு மேசை நாற்காலியில் அப்படியே ஏறி உட்கார்ந்தார்.

"தோளப் புடிக்காதீங்க. இடுப்பு. முட்டியால லேசா அணைச்சிக்குங்க. இப்ப வலது வளைவு வருது. நீங்க ஒண்ணும் சாய வேணாம். அக்காவோட வலது தோளுக்கு மேல எட்டி ரோட்டப் பாருங்க, அது போதும். ஒடம்பு தானா வரும். கண்ண மட்டும் மூடவே கூடாது."

அவர் வலது பக்கமாக எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் அதன்மேல் இருந்த வாழைப்பழச் சீப்பும்தான் அங்கே இருந்திருக்கும். ஆனால் உடம்பு மெல்ல, ஒழுங்காக, அந்தப் பக்கம் சாய்ந்து வந்தது.

"அப்படித்தான்! சூப்பர் அண்ணா" என்றாள் செல்வி.

அவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். செல்வியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அடுத்தது இடது பக்கமா?" என்று கேட்டார்.